மல்லாந்து நீந்தும் மீன்கள்

எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் விரல் நீளக் கெளிற்று மீன்களுக்குச் சொந்த ஊர் கொங்கோ ஆற்றுச் சதுப்புகள். அவை எப்போதும் கூட்டமாகத் திரியும், அதுவும் வயிற்றை மேலே காட்டி மல்லாந்தபடி. படைப்பே அப்படித்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பதறுவார்கள். விளக்கம் சொன்னால் சிரித்துவிட்டு இருந்துவிடுவார்கள். என் கணவரின் அக்கா மட்டும் நம்பவேயில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மோர்னிங்சைட்டிலிருக்கும் தன் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொட்டியைப் பார்த்து, "உதுகள் சாகக் கிடக்குதுகள் பிள்ளை," என்பார்.

"இல்லை மச்சாள், உதுகளின்ரை பழக்கமே அப்பிடித்தான்."

"சும்மா சொல்லாதை. மன்னாரிலை பிறந்த எனக்கு மீனைத் தெரியாதே?"

வாரம் தவறாமல் இதே கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள், மீன்கள் சுகமாக வேண்டுமென்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்ததாகச் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே அவர் முன்னால் வைத்தேன்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, மீன்களில் ஒன்று செத்துப்போய், வயிறு கீழே இருக்க மணலில் நேராகக் கிடந்தது. எடுத்துப்போட வலையோடு வந்தால், மச்சாள் தொட்டிக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"பாத்தியே பிள்ளை, ஒண்டு நிமிர்ந்திட்டுது. மாதா கைவிடேல்லை."

வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஓம் மச்சாள்," என்றேன்.