பீங்கான் கவிஞரின் நெற்றியில் அக்கா வைத்த பொட்டு

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உற்றார் உறவினருக்கு வணக்கம். மறைந்தவர் எறும்புக்கும் தீங்கு நினையாதவர் என்று எழுதுவது முறை. அரசாங்க அலுவலகத்தில் முறைகளையே கட்டிக் காத்து ஓய்வுபெற்ற எனக்கு அது தெரியும். ஆனால் அக்கா எறும்புப் புற்றில் வெந்நீர் ஊற்றத் தயங்காதவர்.

கிள்ளானை அடுத்த காப்பித் தோட்டத்தில் பிறந்தார். திருமணமான மறுவருடமே அவர் கணவரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்களோடு வந்து சேர்ந்து, பக்கத்துப் பெண்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியை ஆனார். வேலையை நிரந்தரமாக்குவது தலைமையாசிரியையான வெள்ளைக்காரத் துரைசானியின் கையில் இருந்தது. கிடைக்காவிட்டால், வீட்டில் எங்கள் அத்தை ஆளும் அடுப்படியே கதி.

பள்ளிக்கூரையைப் பழுதுபார்த்தபோது, துரைசானி தம் மேசையிலிருந்த ஆங்கிலக் கவிஞர் ஒருவரின் மார்பளவுச் சிலையை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அக்காவிடம் ஒப்படைத்தார். பளிங்குபோல் வெளுத்த, மெருகு பூசாத பழைய பீங்கான். சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு அதையும் வைத்து, அக்கா சந்தனமும் குங்குமமும் இட்டார். மெருகிட்ட பீங்கானென்றால் துடைத்தால் போகும். இது குங்குமத்தைக் குடித்துவிட்டது. அத்தை சாம்பல், சீயக்காய், எலுமிச்சை என்று மாற்றி மாற்றித் தேய்த்தார்.

“தாலி இழந்தவ வச்ச பொட்டு, அழியவே மாட்டேங்குதே!”

“அப்ப ராசியான கைதானே, அத்தை?” என்றார் அக்கா.

மாட்டுவண்டியில் வரும்போது கறைபட்டதாக விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்றேன் நான்.

“பொய்யையும் மூணு பிரதி எடுப்பியா, தம்பி?”

அக்கா சிலையைத் துணிகூடப் போர்த்தாமல் ஏந்திக்கொண்டு பள்ளிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

துரைசானி நெடுநேரம் பார்த்தார். “என்ன இது?”

“கற்றுத் தருபவருக்கு நாங்கள் செய்யும் மரியாதை. நான்தான் வைத்தேன். இனிப் போகாது, அம்மா.”

“உன் நெற்றியில் ஏன் இல்லை?”

“எனக்கு அனுமதி இல்லை.”

“இவருக்கு யார் அனுமதி கொடுத்தது?”

“நான்.”

துரைசானி சிரித்துவிட்டார். சிலையை வகுப்பைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அடுத்த மாதமே வேலை நிரந்தரமாயிற்று.

அதன்பின் ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் பழைய பொட்டின்மேல் புதுப்பொட்டு. அக்காவிடம் படித்த பெண்கள் மணமேடை ஏறுமுன் அவர் கையால் பொட்டு வைத்துக்கொள்ள வந்தார்கள். முதலில் வந்தவள் அத்தையின் பேத்தி. அனுப்பி வைத்தவர் அத்தையேதான்.

அக்காவின் கடைசி நாட்களில், ஓய்வுக்குப் பின் குடியேறிய கிள்ளான் வீட்டில் முறைவைத்துக் கஞ்சி ஊட்டிய அந்தப் பெண்களுக்கும், அவர்களைத் தடுக்காத கணவன்மாருக்கும் எங்கள் நன்றி. சிலை இன்றும் பள்ளி மேசையில் இருக்கிறது. கைம்பெண்ணின் கைராசி பற்றி ஐயமுள்ள உறவினர்கள் வேலை நேரத்தில் போய்ப் பார்க்கலாம். விண்ணப்பம் தேவையில்லை.

— தம்பி