பீலி நின்ற காலை

எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் மூன்று படம் எடுப்பார்கள்: நமுனுகுல மலை, பாறை மேல் இருக்கும் மாரியம்மன் கோயில், வெள்ளைக்காரத் துரை காலத்தில் கருங்கல்லில் கட்டிய பீலி. மலையூற்று கல்வாய் வழியாக விழுகிற அந்தப் பீலிதான் நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்துக்கே குளிக்கவும் குடிக்கவும். எந்தக் கோடையிலும் நின்றதில்லை. அதற்கு நேர் கீழே பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கே என்னிடம் விட்டுப் போவார்கள். சரிவுக்கு அடியில் அதைக் கட்டிய மகராசனை நான் பார்த்ததில்லை. பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் வெறித்ததும் எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிவிட்டார்கள். பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. மேலே யாரோ தோண்டுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து மணி வாக்கில் சத்தம் நின்றது. பதினாறு வருடமாகக் காதில் இருந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை.

மண்சரிவு பற்றி வகுப்பு எடுக்க வந்தவர்கள், ஊற்று கலங்கினாலோ திடீரென்று நின்றாலோ ஓடுங்கள் என்றிருந்தார்கள். அன்று நான் பிஸ்கட் தின்றுகொண்டு பாதிதான் கேட்டேன். அந்தப் பாதியே போதும், காம்பராவுக்குள் ஓடினேன்.

ஏழு பிள்ளைகள். தொட்டில் சேலைகளை அவிழ்த்துக் கைக்குழந்தைகள் இரண்டையும் முதுகிலும் மார்பிலும் கட்டிக்கொண்டேன். மற்ற ஐந்து பேரும் இன்னொரு சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்ட நேரமில்லை. கோயில் படியில் ஏற ஏறத் திரும்பி எண்ணினேன். ஒரு வளைவில் ஆறுதான் வந்தது. உயிரே போய்விட்டது. முதுகில் இருந்ததை எண்ண மறந்திருந்தேன்.

கோயில் மணியை அடித்தேன். தாய்மார் கூடையோடு ஓடி வந்தார்கள், பின்னால் கங்காணியும்.

"யாரைக் கேட்டும்மா மணி அடிச்ச?"

"பீலி நின்னுருச்சு அண்ணே."

"நின்னா திரும்ப வரும். அதுக்கு ஊரையே கூட்டுவியா?"

ஒன்றும் சரியவில்லை. இரண்டு மணிக்குப் பீலி மறுபடி ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பையனின் பாதம் படிக்கல்லில் கிழிந்திருந்தது. அவன் அம்மா மட்டும் சிரிக்காமல் திட்டினாள்: "சும்மா கெடந்த புள்ளைய இப்பிடி ஆக்கிட்டீங்களேக்கா!"

அப்போது ஒரு நொடி, கொஞ்சமாவது சரிந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். பீலிக்கு மேலே நிலம் வெடித்திருக்கிறது என்றார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். காம்பரா அங்கேயேதான் இருக்கிறது. மழை பெய்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. பிள்ளைகள் தூங்கும்போது பீலியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுக் காலையும் தூறல். என்னைத் திட்டியவள் மகனைக் கொண்டுவந்து விட்டாள். உடனே மலைக்கு ஏறாமல் பீலிக்குப் போய், தண்ணீரைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. நான் வழக்கம்போல் பையனின் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"கழட்டாதீங்கக்கா," என்றாள். "செருப்போடயே தூங்கட்டும்."