லிட்டருக்கு இருபத்தஞ்சு

அந்த லேப்ல எல்லாரும் அவங்களை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. வயசு நாப்பத்திரண்டு. ஹைபிரிட் கார்ல எப்போ இன்ஜின் ஓடணும், எப்போ மோட்டார் ஓடணும்னு கம்ப்யூட்டர்ல எழுதி வைக்கிறதுதான் வேலை. ஆறு வருஷமா ஒரே கார், ஒரு குடும்பம் தாராளமா போற சைஸ். வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார், சொந்த ஸ்கூட்டர்ல பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டுல நிப்பா, ஊரான் கார் மைலேஜுக்கு உசுர விடுவான்னு.

நிஜமாவே உசுரத்தான் விட்டாங்க. லிட்டருக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர் வரலேன்னா இந்த கார் வேலை மொத்தத்தையும் மூடிடுவோம்னு மேல சொல்லியாச்சு. எட்டு மாசமா தலைகீழா நின்னும் இருபத்திமூணரை தாண்டல. போன செவ்வாய்க்கிழமை பாருங்க, திடீர்னு இருபத்தஞ்சே கால். அக்கா பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தாங்க.

இன்னிக்கு மூணு மணிக்கு மீட்டிங். காலையில அந்த செவ்வாய்க்கிழமை கணக்கை ஒழுங்குபடுத்தும்போது கடைசி கட்டம் கண்ணுல பட்டுது. ஓட ஆரம்பிச்சப்போ பேட்டரி சார்ஜ் எழுபத்தெட்டு சதவீதம், முடிச்சப்போ நாப்பத்தொம்போது. கிளம்புறப்போ எவ்வளவு சார்ஜோ, முடியறப்பவும் அவ்வளவு இருக்கணும். இல்லேன்னா பெட்ரோல் மிச்சமாகல, கார் பேட்டரியத் தின்னுட்டு ஓடியிருக்குன்னு அர்த்தம்.

டெஸ்ட் டிரைவர்கிட்ட ஓடினாங்க. உருளை மேல காரை நிறுத்தி, நின்ன இடத்துலயே ஓட்டுற பெரியவர். அவர் ஒளிக்கவே இல்ல. பெட்ரோல் அளக்கிற மீட்டரை மாட்டுறதுக்கு முன்னாடியே ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட விட்டு சார்ஜ் ஏத்தினாராம்.

"உன் முகத்தைப் பார்க்க முடியலம்மா. பச்சப்புள்ளைய வெறும் வயித்தோட ஓட விடக்கூடாதேன்னு ஏத்தினேன். தப்பா?"

இந்த மனுஷன்கிட்ட எப்படிங்க கோபப்படுறது?

அதுக்கப்புறம் நடந்தது ஓட்டமும் நடையும்தான். பிரேக் பிடிக்கிறப்போ இன்னும் கொஞ்சம் கரண்ட் சேர்த்தாங்க. மெதுவா போறப்போ இன்ஜினை இன்னும் கொஞ்சம் நேரம் தூங்க விட்டாங்க. இந்தத் தடவை சார்ஜ் சரிக்குச் சரி. முதல் ஓட்டம் இருபத்திமூணு புள்ளி ஒண்ணு. அடுத்தது புள்ளி நாலு. மூணாவது மறுபடியும் கீழ, புள்ளி ரெண்டு. பாஸ்வேர்டை மூணு தடவை தப்பா அடிச்சாங்க. மணி ரெண்டே கால்.

டிரைவர் குரலைத் தாழ்த்தி, செவ்வாய்க்கிழமை கணக்கையே காட்டிடு, அந்தக் கடைசி கட்டத்தை அங்க எவன் பார்க்கப் போறான், விட்டுடு, லேப்ல பன்னெண்டு பேர் பொழப்புன்னார்.

அக்கா செவ்வாய்க்கிழமை கணக்கை மூடி வெச்சாங்க.

"வாங்குறவன் பார்ப்பான் அண்ணே. வாங்கின மூணாம் மாசம் பெட்ரோல் பங்க்ல நின்னு பார்ப்பான்."

மீட்டிங்ல இருபத்திமூணு புள்ளி நாலுன்னுதான் காட்டினாங்க. செவ்வாய்க்கிழமை கணக்கு தப்புன்னும் அவங்களே சொன்னாங்க. சார்ஜ் ஏத்தினது யாருன்னு மேனேஜர் துருவித் துருவிக் கேட்டார். பார்க்காம கையெழுத்துப் போட்டது நான், அதை எழுதிக்கோங்கன்னுட்டாங்க. பத்தே நிமிஷம். ஆறு வருஷத்தை மூடிட்டாங்க.

திரும்பி வந்தா, டிரைவர் பெல்ட்டு போட்டபடி கார்லயே உக்காந்திருக்கார். இன்ஜினைக் குளிர வைக்கிற பெரிய ஃபேன் முன்னாடி சுத்திட்டு இருக்கு. அடுத்த ஓட்டம் எப்பம்மான்னு கேட்டார். அக்கா கதவைத் திறந்து பக்கத்து சீட்ல உக்காந்தாங்க. கையில இருந்த ஃபைலை மூடி மடியில வெச்சாங்க. அவர் கொஞ்ச நேரம் அவங்க முகத்தையே பார்த்துட்டு, பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்கிப் போய், ஃபேனை நிறுத்தினார்.