எங்கள் ஊர்க் கிண்ணமும் அவருடைய முழங்காலும்

அன்று நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அவர் எழுந்திருப்பாரா?

கனடாவில், ரெக்ஸ்டேலில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் அவர், தன் கரீபியன் தீவு நாட்டு உதைபந்தாட்ட அணியின் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். போன கோடையில் இங்குள்ள தமிழ் ஊர்ச் சங்கங்களின் போட்டிக்கு என் கணவரின் அணி அவரை இரவல் கேட்டது. இறுதி ஆட்டத்தில் முழங்காலைப் பிடித்தபடி விழுந்தார்.

“நித்திரையோ ராசா? பாய் கொண்டு வரட்டோ?” என்று சனம் சிரித்தது.

ஆங்கிலம் பேசுவேன் என்று கணவர் என்னை மைதானத்துக்குள் இழுத்தார். “பத்து நிமிசம் நிண்டால் காணும் எண்டு சொல்லும்.”

“கால் வீங்குதப்பா.”

“கப் போகப்போகுது. கேளும்!”

கைக்குழந்தையோடு குனிந்து, தயவாகக் கேட்டேன். குழந்தையைப் பார்த்துவிட்டு, “சரி, சகோதரி” என்று எழுந்தார்.

வெற்றிக் கிண்ணம் கிடைத்தது; எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. முழங்கால் போயிற்று. அவருடைய நாட்டு அணி பிறகு அவரை அழைக்கவேயில்லை.

இப்போதும் ஊன்றுகோலோடு நின்று, என் குழந்தை வண்டிக்காக லிஃப்ட் கதவைப் பிடிக்கிறார். நேற்று, “அந்தக் கிண்ணத்தை நான் ஒருமுறை பார்க்கலாமா?” என்று கேட்டார்.

“நொண்டிக்கு எங்கட வீட்டில என்ன வேலை?” என்கிறார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வேலைக்குப் போய்விடுவார். அந்த நேரம் ஆட்டக்காரரை வீட்டுக்குக் கூப்பிடவா? கூப்பிட்டால், அதை எந்த முகத்தோடு அவர் கையில் கொடுப்பது? சொல்லுங்கள்.