திரௌபதியின் அடுப்பு

திரௌபதியை நான் முதலில் பார்த்தது எண்பத்து மூன்றாம் வருஷம். வேங்கிக்காலில் அப்போது கலெக்டர் ஆபீஸ் வந்திருக்கவில்லை. ஏரியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளும்தான். ஊனமுற்றவர்கள் தங்கள் ஊரிலேயே தனித்து வாழ உதவும் ஒரு சின்னச் சங்கத்தில் எனக்கு வேலை. சைக்கிளும் நோட்டும் சங்கம் கொடுத்தது. யாருக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும் என்கிற திமிர் மட்டும் என் சொந்தச் சொத்து.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிவிட்டன. கையை ஊன்றித்தான் நகர்வாள். புரச இலை தைத்துத் தேரடித் தெருச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அனுப்புவாள். அண்ணன் இருசப்பன் வீட்டில்தான் இருந்தாள். தனியாக இருக்க வேண்டும், ஏதாவது செய்யுங்கள் என்று என்னிடம் கேட்டாள்.

அண்ணி கொடுமைக்காரி என்று உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன். விசாரித்தால் கதை வேறு. அந்த வீட்டில் முதல் தட்டு அவளுக்குத்தான். அண்ணி ஜோதியம்மாள் தன் பிள்ளைகளைக் காக்க வைத்துவிட்டு நாத்தனாருக்குப் போடுகிறவர். எனக்குக் குழப்பமாகிவிட்டது. அப்புறம் என்னதான் குறை என்று கேட்டேன்.

"குறை ஒண்ணும் இல்லீங்க சார். பசிக்கிறதுக்கு முன்னாடியே தட்டு வந்துடுது. எனக்குப் பசி எப்படி இருக்கும்னே தெரியல" என்றாள்.

இதை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆனாலும் வேலையில் இறங்கினேன். வீட்டை ஒட்டி மாடில்லாமல் கிடந்த கொட்டகையை அறையாக்கினோம். உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் பலகை, தண்ணீர்த் தொட்டி, தரையோடு தரையாக ஒரு மண் அடுப்பு. மிச்சம் இருந்தது ரேஷன் கார்டு. அவள் பெயரில் தனிக் கார்டு வேண்டுமானால் தனி அடுப்பு எரிய வேண்டும். ஆள் வந்து பார்ப்பார்கள்.

பத்து நாள் அவளே சமைத்தாள். அந்தப் பத்து நாளும் ஜோதியம்மாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நொண்டியை ஒதுக்கி வைத்துவிட்டாள் என்று குழாயடியில் அவர் காதுபடவே பேசினார்களாம். அவர் கோபத்தைத் தப்பு சொல்ல முடியாது.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, கார்டு விசாரிக்கிற இன்ஸ்பெக்டரோடு போய் இறங்கினேன். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பின் உள்ளும் புறமும் செம்மண் பூசி, சாணி மெழுகி, மாக்கோலம் போட்டு, மூன்று குமிழிலும் குங்குமம். சாம்பலை அள்ளிக் கொட்டியாயிற்று. சட்டியின் கரியைக்கூடத் தேய்த்து எடுத்தாயிற்று. விடிந்தும் விடியாமலும் வந்து எல்லாம் செய்தவர் ஜோதியம்மாள். போதாததற்கு, வந்தவருக்கென்று அவர் வீட்டு அடுப்பில் வடை வெந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "இது எரிஞ்ச அடுப்பு மாதிரி தெரியலயே" என்றார். நான் கத்தினேன். அக்கம்பக்கத்தைக் கேளுங்கள் என்றேன். அதற்குள் இருசப்பன் முந்திக்கொண்டு, "எந்தங்கச்சிக்கு நாங்கதான் சார் சோறு போடறோம். தனியா உட்டுடுவமா?" என்றார். மானஸ்தன். அந்த நேரத்தில் அவர் மானத்தைக் கொண்டுபோய் ஏரியில் போடலாம் போல இருந்தது எனக்கு. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்ச நேரம் குந்துங்க சார். எழுதிடாதீங்க" என்றாள் திரௌபதி.

கையை ஊன்றி நகர்ந்து போய் சவுக்கு மிளாரை உடைத்துச் சொருகினாள். ஈர அடுப்பு லேசில் பற்றவில்லை. கொட்டகை முழுக்கப் புகை. இன்ஸ்பெக்டர் இருமிக்கொண்டே வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தார். உலை கொதித்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டித் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் களி கிண்டினாள். முப்பது வருஷமாக உடம்பைச் சுமந்த கைகள் அல்லவா, சட்டியே சுழன்றது. மாக்கோலம் கருகி மறைந்தது.

முதல் உருண்டையைத் தான் தைத்த இலையில் வைத்தாள். இன்ஸ்பெக்டருக்குத்தான் என்று நினைத்தேன். அண்ணிக்கு முன்னால் தள்ளினாள்.

ஜோதியம்மாள் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து ஒரு விள்ளல் பிட்டு விழுங்கினார். "கட்டி தட்டிப்போச்சு" என்றார். ஆனால் இலையில் மிச்சம் வைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எதையோ எழுதினார்.

நான்கு மாதம் கழித்துக் கார்டு வந்தது. ஒரே பெயர்தான் அதில். அன்றைக்கு ஏன் அப்படி மெழுகினீர்கள் என்று ஜோதியம்மாளைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை அடுப்பு மெழுகாமல் இருப்பார்களா என்று திருப்பிக் கேட்டார். பாசமா, கார்டைக் கெடுக்கிற வேலையா? இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்கிறேன். திரௌபதியைக் கேட்டால் சிரித்தாள். அது அண்ணிக்கே தெரியாது, விடுங்கள் என்றாள்.

அந்த ஆடியில் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். மணி மூன்று இருக்கும். மூடிய சட்டி பக்கத்தில் இருக்க, இலை தைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் சாப்பிடவில்லையா என்று பதறினேன்.

"இருங்க சார், பசிக்கட்டும்" என்றாள்.