மூன்றாவது தசமம்

ஓசூரில் நான் தரப் பரிசோதனை பார்த்த தொழிற்சாலையில், எந்த அளவாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வேண்டும். கஸ்டமர் கேட்கிறார் என்பார்கள். எதை வைத்து அளந்தாய் என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. முணுமுணுத்துக்கொண்டேதான் தட்டச்சு செய்வேன்.

அந்த வாரம், இன்னும் நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரைச் சரிபார்க்கப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தார்கள். கையிலிருந்தது வெர்னியர் அளவுகோல்தான். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. ஒரு ஷாஃப்டின், அதாவது உருளைத் தண்டின், விட்டத்தை மூன்று இடத்தில் அளந்தேன்: 25.00, 25.02, 25.02. கணினி சராசரி போட்டு 25.013 என்றது. 25.010-ஐத் தாண்டக் கூடாது. திரையில் கட்டம் சிவப்பாகி, அதோடு கடைந்த மொத்த லாட்டும் நின்றது.

அதை லேத்தில் கடைந்தவர் சிங்காரப்பேட்டைக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. இன்னொரு ரிஜெக்ஷன் வந்தால் வேலை கிடையாது என்று மேலாளர் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே மேலாளர் அறைக்குப் போனேன். கடைசியில் நிற்கும் அந்த மூன்று நான் அளந்ததல்ல, வகுத்தலில் வந்தது. இந்த வெர்னியரை வைத்துக்கொண்டு 25.01 என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது என்றேன். அவர் கன்னடக்காரர், பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரிம்மா, அப்போ பீஸ் ஓகேவா? ஓகேன்னு கையெழுத்துப் போடு, விட்டுடறேன்."

தப்பு என்று சொல்ல முடியாத வெர்னியர் சரி என்றும் சொல்ல முடியாதே. மைக்ரோமீட்டர் வரும்வரை பொறுங்கள் என்றேன். மத்தியானம் லாரி கிளம்ப வேண்டும் என்றார். அந்த லாட் ஸ்கிராப்புக்குப் போயிற்று. வேறொருவர் கடைந்த லாட்டை அதே வெர்னியரால் அளந்தேன். 25.007 வந்தது, கட்டம் பச்சையானது, லாரியும் போயிற்று. இதையும் நம்பாதீர்கள் என்று சொன்னேன். மேலாளர் சிரித்தார்.

மாலையில் சிங்காரப்பேட்டைக்காரர் சைக்கிள் ஸ்டாண்டில் எனக்காக நின்றிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். உங்கள் வேலையில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன் என்றேன். அவர் கேட்டார்.

"தெரியலைன்னா, நல்லாருக்குன்னே சொல்லியிருக்கலாமில்லிங்க மேடம்? அவங்களுக்கும் தெரியாதுதான?"

மறுநாள் அவருடைய லேத்தில் வேறொருவர் நின்றார். சிங்காரப்பேட்டைக்காரர் சரியாகத்தான் கடைந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.