ஸ்பீக்கரில் கேட்ட கேள்வி

ஹாலந்தில் பதினைந்து வருடம் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பி, தக்கலையில் ஒரு மாடியறை பிடித்து டச்சு வகுப்பு தொடங்கினேன். வருகிறவர்கள் எல்லாம் பெண்கள். புருஷன் அங்கே, இவர்கள் இங்கே. டச்சுப் பரீட்சையில் தேறினால்தான் விசா. அவர்கள் குடுமி என் கையில் இருந்தது. பொய் சொல்வானேன், அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

டச்சில் கேள்வி கேட்டால் வினைச்சொல் முன்னால் வந்துவிட வேண்டும். சில வினைகளுக்குப் பின்னால் 'தன்னை' என்று ஒரு வாலும் உண்டு. வெட்கப்படுவது, நினைவுகூர்வது எல்லாம் அந்த ரகம். வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிறவளிடம் "ஸ்காம் யெ யெ நிட்?" என்பேன். உனக்கு வெட்கமாக இல்லையா என்று அர்த்தம். முதல் வாரத்திலேயே அது எல்லோருக்கும் மனப்பாடம்.

கடற்கரை ஊரான இனயத்திலிருந்து ஒருத்தி வந்தாள். கல்யாணமான இருபதாம் நாள் புருஷன் விமானம் ஏறிவிட்டான். அங்கே ஓட்டலில் சமையல் வேலை. கெட்டிக்காரி. ஒரே ஒரு பிடிவாதம். புருஷனிடம் கேட்கும் கேள்விகளில் மட்டும் நீ என்கிற 'யெ' போடாமல், நீங்கள் என்கிற 'யு' போடுவாள். 'யு' வந்தால் வால் 'ஸிஹ்' ஆகிவிடும்.

"அவரைப் போயி நீன்னு எப்படி டீச்சர் கேக்க?"

"ஒனக்க மாப்பிள என்ன கலெக்டரா? அங்க எந்தப் பெண்டாட்டியும் இப்படிக் கேக்க மாட்டா."

வகுப்பு சிரித்தது. அவள் மறுபடியும் 'யு' போட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனை எடு, ஸ்பீக்கரில் போடு, அவனிடமே 'யெ' போட்டுக் கேள் என்றேன். வேண்டாம் டீச்சர் என்று கையைப் பிடித்தாள். கேட்காவிட்டால் நாளைமுதல் வராதே என்றேன்.

கேட்டாள். "ஹெரினர் யெ யெ..." நம் கல்யாணம் உனக்கு நினைவிருக்கிறதா. ஒரு பிழை இல்லை. அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. இங்கே பெண்கள் சிரித்தது அவனுக்கும் கேட்டிருக்கும்.

"ஏட்டி, ஆருக்க முன்ன வச்சி என்னை நீன்னு விளிக்க? படிச்சது மதி, நிறுத்து. நீ இஞ்ச வரண்டாம்."

போனை வைத்துவிட்டான். எல்லாம் ஆறிவிடும் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனேன். மறுநாள் அவள் வரவில்லை.

மழைக்காலம் கழிந்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒன்றும் அறியாதவள்போல, "பரீட்சை எழுதினியா?" என்றேன்.

"அவரு பொறவு போனில விளிக்கவே இல்ல, டீச்சர்."

பஸ் வந்தது. படியில் ஏறித் திரும்பி நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஸ்காம்ட் யு ஸிஹ் நிட்?"

உங்களுக்கு வெட்கமாக இல்லையா. எனக்கும் 'நீங்கள்'தான் போட்டிருந்தாள். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.